இருதயசாமியின் மூன்று சிபாரிசுகள்

ஆரணியில் பட்டு நெய்கிற இருதயசாமிக்குத் தன் கையெழுத்தின் மேல் அளவு கடந்த பெருமை. சாமியார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததில் மிச்சமானது அந்த முத்து முத்தான எழுத்துதான். அதனாலேயே தன் குடி முழுகப் பார்த்த கதையைப் பிற்பாடு அவரே டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பார். வேறு யாராவது சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழையில் அவர் கால் வைத்து மிதிக்கிற தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி, பாதி நெய்த முகூர்த்தப் புடவை கறைபட்டுப் போனது. பட்டு கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி வேணுகோபால் சத்தம் போடவில்லை. "அடுத்த மழைக்கும் இதே மாதிரி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கோ இருதயம். உனக்குப் பாவு நூலு குடுக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். குழிக்கு நாலு பக்கமும் செங்கல் வைத்துப் பூசிவிட்டால் தண்ணீர் ஊறாது. ஆனால் அப்போதெல்லாம் சிமெண்டு வாங்க சர்க்கார் பர்மிட் வேண்டும். மறு வருஷம் சித்திரையில் பத்து மூட்டை கேட்டுத் தாலுகா ஆபீசில் மனு போட்டார்.

ஆனி பிறந்தும் பர்மிட் வரவில்லை. "நேரா ஆபீசுக்குப் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி பாக்கியமேரி.

"நேரா போறவன் வரிசைல நிப்பான் மேரி. எழுதத் தெரிஞ்சவன் மேல எழுதுவான்" என்றார் இருதயசாமி.

பாவுக்குப் பட்டு முறுக்கும்போது ஒற்றை இழையை யாரும் நம்புவதில்லை. மூன்றைச் சேர்த்து முறுக்குவார்கள். சிபாரிசுக்கும் அதே கணக்கைப் போட்டார் நம்மவர். முதலில் எம்.எல்.ஏ.வுக்கு நாலு பக்கக் கடிதம். 'தாங்கள் ஏழை நெசவாளரின் கண்கண்ட தெய்வம்' என்று ஆரம்பித்தவர், தறிக்குழியை மூன்றாம் பக்கத்தில்தான் எட்டிப் பார்த்தார். 'ஆவன செய்யும்படி எழுதியிருக்கிறேன்' என்று பதில் கார்டு வந்தது. அதை இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். ஆடியில் டெல்லிக்கு, எம்.பி.க்கு எழுதினார். ஆவணியில் வாத்தியார்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேல்சபை உறுப்பினருக்கு, வாத்தியாரான மைத்துனர் தேவநேசன் கையில் கடிதம் போனது. மூன்று பேருமே நல்லவர்கள். மூன்று பேருமே ஆபீசுக்கு எழுதிவிட்டு இவருக்கும் பதில் போட்டார்கள். சுவரில் ஆணிகள் மூன்றாயின. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பர்மிட் மட்டும் வரவில்லை. சித்திரையில் கூடவே மனு போட்ட எதிர்வீட்டுச் செல்லம்மாள், கைநாட்டு வைத்தவள், ஆடியிலேயே சிமெண்டு வாங்கிக் கக்கூஸ் கட்டி முடித்துவிட்டாள். இருதயசாமி அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஐப்பசி முதல் வாரம் வானம் கறுத்தது. பாக்கியமேரி பேச்சை நிறுத்திவிட்டுப் புருஷனை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பேரைக் கேட்டதும் குமாஸ்தா சடையப்பன் எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்கதானா அந்த இருதயசாமி! ஆனி மாசமே உங்க காகிதம் கையெழுத்துக்கு மேல போச்சுங்க. அன்னிக்குப் பாத்து எம்.எல்.ஏ. லெட்டர் வந்துச்சு. லெட்டர் வந்தா பதில் எழுதணும், பதில் எழுத ஃபைலு கீழ எறங்கணும். மறுபடி மேல அனுப்புனா, டெல்லிலருந்து ஒண்ணு. அப்பால மேல்சபைலருந்து ஒண்ணு. உங்க ஃபைலு ஏறி எறங்கிகினே கீதுங்க. மூணு வாட்டியும் நாந்தான் பதில் எழுதினேன். செம பேஜாரு!"

"ஓட்ற தறில பாவ அவுத்து அவுத்துக் கட்டிக்கினு இருந்தா புடவ எப்படி வரும்?" என்றாள் பாக்கியமேரி. புருஷனைப் பார்த்துச் சொல்லவில்லை; சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்ப நாலாவது வாட்டி மேல போயிருக்கு. நாளன்னிக்கு கையெழுத்து ஆயிடும். இனிமே லெட்டர் எதுவும் வராதே?" என்று கேட்டார் சடையப்பன்.

இருதயசாமி மெல்ல உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். அன்று காலையில்தான், மூன்று பேருக்கும் ஞாபகமூட்டி, ஆளுக்கு ஆறு பக்கம் எழுதி, பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டியில் போட்டிருந்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பாக்கியமேரி வாசலைத் தாண்டிவிட்டாள். இருதயசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பையில் கொட்டிக்கொண்டு தபால்காரர் அப்போதுதான் சைக்கிளில் ஏறினார். கெஞ்சியதற்கு, "பெட்டில உழுந்தது சர்க்கார் சொத்துங்க, ஆபீசுல வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தார். இருவரும் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார்கள். இருதயசாமி அப்படி ஓடியதை ஊரே பார்த்தது.

போஸ்ட் மாஸ்டர் நிதானமான மனிதர். "திருப்பித் தரலாம். போட்டவர் எழுதிக் குடுக்கணும், கையெழுத்து ஒத்துப் போவணும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

இருதயசாமி பேனாவைத் திறந்தார். பழக்க தோஷத்தில் 'தாங்கள்' என்று ஆரம்பித்தார். பாக்கியமேரிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பேனா எவ்வளவு தூரம் ஓடும் என்று தெரியும்.

"ஜல்தி!" என்றாள்.

அதை அடித்துவிட்டு, 'என் மூன்று கடிதங்களைத் திருப்பித் தரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதங்கள் கைக்கு வந்தன.

மூன்றாம் நாள் பர்மிட் கையெழுத்தானது. சிமெண்டு வாங்கிக் குழியைப் பூசி, அது காய்ந்து நாலு நாள் கழித்து மழை கொட்டியது. பாக்கியமேரி விளக்கைக் குழிக்குள் இறக்கிக் கையால் தடவிப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்புறம்தான் அழுதாள். பொங்கலுக்கு வேணுகோபால் அடுத்த பாவையும் அவருக்கே கொடுத்தார்.

சுவரிலிருந்த மூன்று கார்டுகளையும் இருதயசாமி கழற்றிவிட்டார். அந்த இடத்தில் வேறொன்றை மாட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அவர் எழுதிய மனுக்களிலேயே அன்றைக்கே பலித்தது போஸ்ட் ஆபீசில் எழுதிய அந்த ஒற்றை வரிதான். ஆனால் அந்தத் தாளைப் போஸ்ட் மாஸ்டர் ஃபைலில் வைத்துக்கொண்டுவிட்டார். அதை எழுதிக் கேட்டு வாங்க அவருக்குத் தைரியம் இல்லை.