தட்டித் தூங்கவைத்த கை

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். கல்யாணமான புதிதிலேயே இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்ப்படம் போடும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. அச்சிலிருந்து வரும் இரும்பின் பிசிறையெல்லாம் கை கிரைண்டரால் தேய்த்து எடுக்க வேண்டும். "ராவெல்லாம் இரும்போட சண்ட போட்டுக்கினு வர்றேன், உன் கை என்னைய இன்னா பண்ணிடும்?" என்றார்.

மகள் பிறந்து சில மாதங்களில் நான் மறுபடியும் பேக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எனக்குப் பகல் ஷிப்ட், அவருக்கு நிரந்தரமாக நைட். காலையில் அவர் வருவார், நான் கிளம்புவேன். வாசலில் குழந்தை கை மாறும். சாயந்திரம் திரும்பவும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓவர்டைம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு வேளைச் சோறு தின்றது அபூர்வம்.

பகலில் குழந்தையைத் தூங்கவைத்தால்தான் அவரும் தூங்க முடியும். ஆம்பளை எப்படிச் சமாளிக்கிறார் என்று எல்லோரும் கேட்டார்கள். "பால குட்த்துட்டு, மடில கவுத்துப் போட்டு நாலு தட்டு தட்டுனா தூங்கிடுது" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் என்னிடம் அது தூங்காது. மடியில் போட்டுத் தட்டுவேன். ஒரு நிமிஷம் எதற்கோ காத்திருப்பதைப் போல உடம்பை விறைத்துக்கொண்டு கிடக்கும். பிறகு வீறிட்டுக் கத்தும். தூக்கித் தோளில் போட்டால் தலையால் என் மூக்கில் இடிக்கும், என் கழுத்தைப் பிறாண்டும். தொண்டை கட்டும்வரை அழுது, சோர்ந்து விழுந்தால்தான் தூக்கம். தூளி கட்டலாம் என்றால் எங்கள் லைன் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கொக்கி மாட்டக் கூடாது என்று வீட்டு ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிலுகிலுப்பையைச் சுவரில் அடித்து நொறுக்கினேன். பெற்றவள் கை பிடிக்கவில்லை, அப்பன் கைதான் வேண்டும் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் ஆத்திரம் வராது?

ஒரு நாள் என் கம்பெனியில் கரண்ட் கோளாறு. வந்த வேனிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருக்குழாயில் பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேலியாகச் சிரித்தார்.

"குட்த்து வெச்சவடி நீ. உன் ஊட்டுக்காரு டெய்லி காலீல உள்ளயே துணி தொவைக்கிறாரு போல. டம்மு டம்முனு சத்தம் எங்கூடு வரைக்கும் கேக்குது."

எங்கள் வீட்டுக்குள் துவைக்கும் கல் கிடையாது. துணியெல்லாம் நான்தான் குழாயடியில் துவைப்பேன். எனக்குச் சட்டென்று எதுவும் புரியவில்லை.

உள்ளே போனேன். இரண்டு பேரும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தை குப்புறக் கிடந்தது. அவர் கை அதன் முதுகில் இருந்தது. கையை விலக்கிவிட்டுச் சட்டையைத் தூக்கினேன். முதுகு முழுக்கச் சிவந்து, தொட்டால் சுட்டது. விரல் விரலாகத் தடம் பதிந்திருந்தது. சாயந்திரம் குளிப்பாட்டும்போது மங்கலான விளக்கு வெளிச்சத்தில் இதைத்தான் வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன்.

தோசைக்கரண்டி எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது. முதல் அடி அவர் காதில் பட்டது. காது மடல் கிழிந்து தலையணையெல்லாம் ரத்தம். அவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து என்னைத் தள்ளினார். கேஸ் சிலிண்டரில் என் தலை மோதியது. எழுந்து மறுபடியும் அடித்தேன். குழந்தை விழித்துக்கொண்டு அலறியது.

"பச்ச மண்ணப் போட்டு அடிக்கிறியே, நீ மனுசனாய்யா? புள்ளையும் கிள்ளி வுட்டு தொட்டிலயும் ஆட்டுறியா?"

"யாரு அடிச்சாங்க? தட்டித் தூங்க வெச்சேன்மே. புள்ள மேல சத்தியம்."

சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கா, ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றுவிட்டார். "உடுடி, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார். நல்ல பழமொழி. எங்கள் வீட்டில் அணைக்கிற கைதான் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்டித் தட்டுன? என் முதுகுல தட்டிக் காட்டு" என்று திரும்பி உட்கார்ந்தேன். பயந்துகொண்டேதான் தட்டினார். மூன்றாவது தட்டில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. திரும்பி முகத்தைப் பார்த்தேன். காதிலிருந்து ரத்தம் வழிய, குழந்தைக்குச் சொல்வதைப் போலவே "ரோ ரோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒரு பொட்டு கள்ளம் கிடையாது.

இந்தக் கைக்கு எதுவும் தெரிகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அடுப்பின் பக்கத்தில் இருந்த இடுக்கியை எடுத்து, அவருக்குத் தெரியாமல் அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியைப் பிடித்து நெரித்தேன். அவர் குழந்தையைப் பார்த்தபடி, தான் பால் கலக்குவதையும் ஏப்பம் எடுக்க வைப்பதையும் சொல்லிக்கொண்டே போனார். நான் இன்னும் அழுத்தினேன். நகக்கண்ணிலிருந்து ரத்தம் பாயில் சொட்டியதும்தான் குனிந்தார்.

"இது எப்ப ஆச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கிரைண்டரைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டதாம். காலையில் விரலெல்லாம் வெளுத்துப்போகுமாம். பால் சூடா என்று உதட்டில் வைத்துத்தான் பார்ப்பாராம். கை போய்விட்டது என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வான் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

குழந்தையைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா முதுகை அழுத்தி அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரரின் கை பழையபடி ஆகுமா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது, முதலில் அந்த மிஷினை விட வேண்டும் என்றார்.

"இனிமே யாரும் தட்டக் கூடாது. அந்த அடி வாங்கித்தான் இது தூங்கப் பழகியிருக்கு. கண்ணு சொருகும்போதே மல்லாக்கப் படுக்க வெச்சிடுங்க. பக்கத்துல உக்காந்து குரல் மட்டும் குடுங்க. தானா தூங்கக் கத்துக்கும்" என்றார்.

நான் லீவு போட்டேன். லீவு முடிவதற்குள் அது தானாகத் தூங்கப் பழகவில்லை என்றால் அவரிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக முடியாது. பார்த்துக்கொள்ள வேறு ஆளும் கிடையாது.

டாக்டரம்மா லேசாகச் சொல்லிவிட்டார். கண் சொருகும்போது பாயில் கிடத்தினால், குழந்தை பாம்பைக் கண்டதைப் போல விழித்துக்கொள்ளும். குதிகாலால் தரையை உதைக்கும். தன் முகத்தைத் தானே கீறிக்கொள்ளும். அழுது அழுது நீலம் பாய்ந்துவிடும். தூக்கி ஆற்றுவேன், மறுபடி கிடத்துவேன், மறுபடி உதை. அவர் தாங்க முடியாமல் ஓடி வந்து கையை நீட்டுவார். நான் அந்தக் கையைக் கடித்துத் துரத்துவேன். பல் பதிந்தாலும் அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் வெறி ஏறும்.

அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், அவருக்கும் பகலில்தான் தூக்கம். முதலில் சுவரைக் குத்தினார். மறுநாள் வந்து கதவை எட்டி உதைத்தார்.

"கொயந்தைய சாவடிக்கிறீங்களா இன்னா? மன்சன் தூங்க வாணாம்? பெரிய பேஜாரா பூட்ச்சி உங்களோட."

நான் வெளியே போய்த் தண்ணீர்க் குடத்தை அப்படியே அவர் மேல் வீசினேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். என் வீட்டுக்காரர் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தார். இருவரும் சாக்கடையோரம் உருண்டார்கள். தெருவே கூடிவிட்டது. அடியிலிருந்த லாரிக்காரரின் கண் பிதுங்க ஆரம்பித்தது. நாக்கு வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் அவ்வளவு கோபம்கூட இல்லை. சும்மா பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார்.

"உடுய்யா, செத்துடுவான்" என்று கத்திக்கொண்டு முடியைப் பிடித்து இழுத்தேன். என் ஒருத்தியால் ஆகவில்லை. அக்காவும் நானும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம். லாரிக்காரர் புரண்டு வாந்தி எடுத்தார். கழுத்தில் என் குழந்தையின் முதுகில் இருந்த அதே விரல் தடம். அக்கா அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான், இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

உள்ளே வந்தால் வீடு அமைதியாக இருந்தது. குழந்தையிடம் ஓடினேன். குனிந்து மூக்கில் விரல் வைத்தேன். மூச்சு சீராக வந்தது. நாங்கள் வெளியே ஒருத்தரையொருத்தர் கொன்றுகொண்டிருந்த நேரத்தில், தட்ட ஆளில்லாமல், தன் சட்டை நுனியைச் சப்பியபடி குழந்தை தானாகத் தூங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனால் அவர் குழந்தையைத் தொடுவதையே விட்டுவிட்டார். சாக்கடையோரம் நடந்ததிலிருந்து தன் கையைப் பார்த்தாலே அவருக்குப் பயம். "நீ வேலைக்குப் போவாத. எங்கிட்ட உடாத" என்றார். கம்பெனியில் வேறு வேலை கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்களாம். இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவரும் அதே கிரைண்டரைத்தான் பிடிக்கிறார். ஒருவர் சம்பளத்தில் எங்களால் காலம் தள்ள முடியாது.

லீவின் கடைசி நாள், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே ஜன்னலோரம் நின்றேன். இவரிடம் விட்டுப்போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரிய வேண்டும். தப்பாக ஒரு அசைவு தெரிந்தால் உள்ளே பாய்வதற்குத் தயாராகச் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன்.

குழந்தை பாயில் மல்லாந்து கிடந்து சிணுங்கியது. அவர் எதிர்ச் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "இருக்கேன்டா, நைனா இங்கதான் இருக்கேன்" என்று அங்கிருந்தே சொன்னார். அது அழுதது. அவர் உடம்பு முன்னால் போனது, திரும்பச் சுவரில் ஒட்டியது. "இருக்கேன்டா" என்றார். அது கண்ணைக் கசக்கியது, சட்டையைச் சப்பியது, மெதுவாகத் தூங்கிப்போனது.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மண்டியிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அதன் உள்ளங்காலில் கன்னத்தை வைத்தார். காய்ச்சல் இருக்கிறதா, ஜில்லென்று இருக்கிறதா என்று அப்படித்தான் அவரால் பார்க்க முடியும். பார்த்த பிறகும் கன்னத்தை எடுக்கவில்லை.

எனக்குக் கை துடித்தது. அவரை அடித்து முடித்துவிட்டேன், லாரிக்காரர் மேல் குடத்தை வீசியாகிவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தேன். யாரை அடிப்பது என்று தெரியவில்லை.