மிளகாய்ப்பழச் சிவப்பு

பத்தாவது முடிக்காமல் ஊர் ஊராகச் சுற்றியவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், மேற்கு மாம்பலத்தில் வாத்தியங்கள் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் ஒட்டிக்கொண்டேன். படுக்கையும் அங்கேயே. பழைய டிரம்ஸின் வயதைக் கணிக்க அங்குதான் பழகினேன். உடம்பில் திருகியிருக்கும் உலோகக் காதைக் கழற்றினால், அதன் அடியில் முதல் நிறம் அப்படியே இருக்கும். வெளிநிறத்தை அதோடு ஒப்பிட்டால் வயது பிடிபடும்.

மயிலாப்பூரிலிருந்து மெல்லிசைக் குழுவின் டிரம்மர் ஒருவர் தன் செட்டைத் தோல் மாற்றக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தாளத்தைத் தானே வாசிக்கும் ரிதம் பெட்டியைக் குழுத்தலைவர் அப்போதே வாங்கிவிட்டார். மாஸ்டர் ஒரு மேடையில் தடுமாறினால் போதும், அவர் இடத்தில் பெட்டி உட்கார்ந்துவிடும்.

"தோலை மட்டும் மாத்து நைனா. வேற எதுலயும் கை வெக்காத."

காதைக் கழற்றினேன். அடியில் மிளகாய்ப்பழச் சிவப்பு. வெளியே புகையும் அழுக்கும் ஏறி டிகாக்‌ஷன் நிறம். ஒவ்வொரு டிரம்மின் விளிம்பிலும், ஸ்டாண்டுக் கம்பிகளிலும் ஆயுதபூஜைச் சந்தனம் சுண்டைக்காய் அளவுக்குக் கெட்டித்திருந்தது. மற்றவர்கள் பழைய பொட்டைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வருஷப் பொட்டு வைப்பார்கள். இவர் கழுவியதே இல்லை. சோம்பல் என்று நினைத்தேன்.

கை வைக்காதே என்றிருந்தாலும், பழைய நிறத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. தின்னர் பட்டால் பிளாஸ்டிக் மேலுறை உருகிவிடும். எனவே ஈரத்துணியும் பாலிஷுமாகப் பொறுமையாகத் தேய்த்தேன். கம்பிகளையும் விடவில்லை. நிறம் வந்தது.

தி.நகர் மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. செட்டை நானே கொண்டுபோய் மேடையில் பூட்டினேன். "புதுசா மச்சி? எங்க சுட்ட?" என்றார் கீபோர்டுக்காரர். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலால் முதல் டிரம்மின் விளிம்பைத் தடவினார். அடுத்ததைத் தடவினார். பிறகு கம்பியை. கை அங்கேயே நின்றது.

முதல் பாட்டிலேயே குச்சி விளிம்பில் பட்டு மைக்கில் 'டக்' என்றது. அடுத்த பாட்டில் சிம்பலுக்குப் போன குச்சி காற்றில் போனது. தலைவர் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிரம்மில் சந்தனக் கட்டி இருக்கும் பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பி வைப்பார். கம்பியில் கட்டி இருக்கும் இடம்தான் ஸ்டாண்டின் உயரத்துக்கு அடையாளம். பார்வை போய்க்கொண்டிருப்பதை அந்தப் பொட்டுகளைக் கொண்டுதான் மறைத்து வந்திருக்கிறார்.

கச்சேரி முடிந்ததும் தலைவர் மெதுவாகச் சொன்னார்: "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு மாஸ்டர். பெட்டி கீது, பாத்துக்கலாம்."

நான் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தொடச்சிட்டியா நைனா?"

"அழுக்குன்னு நெனச்சேன் மாஸ்டர்."

பல ஊர்களில் அடி வாங்கியவன் நான். ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் டிரம்மைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"இன்னா கலர் வந்துகீது?"

"செவப்பு. மிளகாப்பழம் மாதிரி."

"வாங்குனப்போ அப்டித்தான் இருந்துச்சு." என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஸ்டாப் வரைக்கும் வா. பஸ் நம்பரைப் படிச்சுச் சொல்லு. இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது."

வந்த பஸ்ஸையெல்லாம் படித்துச் சொன்னேன்.