புது பிரவுசரும் பெரிய எழுத்தும்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு ஜூன் மாதம் கல்லூரி திறந்த கையோடு சுற்றறிக்கை வந்தது. மதிப்பெண் ஏற்றும் இணையதளம் இனிமேல் பழைய பிரவுசரில் திறக்காதாம். லேப், ஆபீஸ், ஆட்கள் வீட்டில் வைத்திருக்கும் லேப்டாப் எல்லாவற்றுக்கும் புது வெர்ஷன் போட்டாக வேண்டும்.

லேப் வேலை இரண்டு நாளில் முடிந்துவிட்டது. சொந்த லேப்டாப்தான் பெரிய பாடு. சாரல் விடாமல் அடித்ததால் ஆளாளுக்கு பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு பேராசிரியருடையதைத் திறந்தால் பரிசு விழுந்திருப்பதாக வரிசையாக விளம்பரம் குதித்தது. எல்லாரும் கொண்டுவந்தார்கள், தேர்வுப் பிரிவு அக்காவைத் தவிர.

அச்சன்புதூரிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், பல வருஷமாகத் தற்காலிக வேலைதான். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன். வீட்டு லேப்டாப்பைக் கேட்டேன்.

"அத மட்டும் தொடாதட்டி. நல்லாத்தான் ஓடுது" என்றார்.

"சைட் திறக்காதுக்கா."

"திறக்காட்டி போவுது."

அதற்கப்புறம் அக்காவின் மதிப்பெண் பதிவு அப்படியே தேங்கியது. முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு எல்லாருக்கும் டீ சொல்கிறவர், இப்போது சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை. ஆபீஸ் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, புது பிரவுசரில் ஏதும் கோளாறா என்று கேட்டார். ஏற்கெனவே பத்துப் பேரிடம் இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்திருந்தேன்.

"பிரவுசர் நல்லாத்தான் இருக்கு சார். அக்காதான் கத்துக்க மாட்டேங்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பிரிண்டரைப் பார்க்கத் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா போனை மானிட்டருக்கு முன்னால் பிடித்து ஒரு போட்டோ எடுத்தார். அதை விரலால் விரித்துப் பெரிதாக்கி ஒரு பதிவெண்ணைப் படித்தார். போனைக் கீழே வைத்துவிட்டு மதிப்பெண்ணை அடித்தார். மறுபடி போனை எடுத்தார். ஒவ்வொரு மாணவருக்கும் இப்படி.

கதவருகே நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய பிரவுசரை நான் அழித்தபோது அதிலிருந்த செட்டிங்கும் போயிருக்கிறது.

"அக்கா, எழுத்து தெரியலையா?"

அவர் திடுக்கிட்டுப் போனைக் கவிழ்த்தார்.

"முன்னாடி பெருசா இருந்துச்சு. மருமவன் லீவுல வந்தப்ப வீட்டு லேப்டாப்புலயும் இங்கயும் வச்சுக் குடுத்தான். நீ போட்டதுலருந்து எறும்பு ஊருத மாதிரி இருக்கு. ரெண்டு வருசமாவே கண்ணு மங்கலாத்தான் தெரியுது." குரல் தாழ்ந்தது. "யார்ட்டயும் சொல்லிராதட்டி. கண்ணு தெரியலன்னா என்னய எதுக்கு வச்சிருப்பாங்க?"

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். எழுத்தைப் பெரிதாக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையைப் பார்த்ததும் அக்கா பெருமூச்சு விட்டார். நான் மேலாளரிடம் சொன்னதை மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கே காதுல விழுந்துச்சு."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நேரே மேலாளரிடம் போனேன். "அக்கா மேல தப்பில்ல சார். நான்தான் செட்டிங்க அழிச்சிட்டேன்" என்றேன். கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. தேங்கிய பதிவை அக்கா மூன்று நாளில் முடித்தார். வீட்டு லேப்டாப்பையும் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் எழுத்தைப் பெரிதாக்குவதால் கண் சரியாகிவிடுமா? அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு சனிக்கிழமை திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்புரை என்றார்கள். ஆபரேஷனுக்கு லீவு கேட்க அக்கா பயந்தார். கூடவே போய் நின்றேன். மேலாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "எங்க அம்மாவுக்கும் போன வருசம்தான் பண்ணுனோம். நல்லாப் பாத்துட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார். இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தார். அதைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கு இவ்வளவு நரையா?" என்று கேட்டுச் சிரித்தார்.