பிசிறு வெட்டும் கை

கோமளாவின் கை சும்மா இருக்காது. பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையில் தொங்கும் நூல் பிசிறைப் பார்த்து வெட்டுவதுதான் பிழைப்பு. கழுத்துக் கயிற்றில் தொங்கும் குட்டிக் கத்தரி வீட்டுக்கும் கூடவே வரும். ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிவிட்டாள். பாவம், அந்த மனிதர் இறங்கும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே போனார்.

அப்படிப்பட்டவளுக்குப் பிடித்துப்போனது நூல் மாதிரியே இருந்த ஒரு கொடி. கம்பெனிக்குப் பின்னால் கிளுவை வேலியில் சுற்றிக் கிடந்தது. இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் பச்சைத் தண்டு. ஒரு துண்டை ஒடித்து வந்து வாசலில் பெயிண்ட் டப்பாவில் நட்டாள். கோடையில் செத்ததுபோல் கிடந்து மழைக்குத் துளிர்த்தது.

"பேரில்லாத கொடிக்குத் தண்ணி ஊத்தற ஒரே ஆளு நீதான்" என்று புருஷன் கன்னையன் சிரித்தான்.

பிறகுதான் வேலிக்கே கேடு வந்தது. குடோன் கட்ட வேலியை எடுக்கிறார்கள் என்று கேட்டதும், கோமளா முதலாளி வேலுமணியிடமே போய் நின்றாள்.

"ஏனம்மிணி, பேர் தெரியாத கொடிக்கு நான் செவுத்தத் தள்ளிக் கட்டோணுமா? அபூர்வமான செடின்னு வெவரம் தெரிஞ்சவங்க எழுதிக் குடுக்கட்டும், அந்த மூலைய உட்டர்றேன். திங்கக்கெழம ஜேசிபி வந்துரும், பாத்துக்க."

பக்கத்து வீட்டு ஜோதிகா, தன் மகள் படிக்கும் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் வேல்விழி டீச்சருக்குப் போனில் படம் அனுப்பினாள். பூவைப் பார்க்காமல் பேர் சொல்ல முடியாது என்றார் டீச்சர். வேலிக் கொடியில் பூவே இல்லை; நல்லவேளையாக டப்பாக் கொடியில் ஒரு மொட்டு இருந்தது. ஒரே ஒரு மொட்டு. ஞாயிறு காலை வருவதாகச் சொன்னார்.

அதிலிருந்து கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. எறும்பு அரித்தால்? ஆடு கடித்தால்? டப்பாவைச் சுற்றி நாற்காலிகளால் அணைகட்டினாள். கம்பெனியிலிருந்து தினமும் நாலு தடவை ஜோதிகாவுக்குப் போன் போட்டாள்.

ஞாயிறு விடிந்தது. மொட்டு இருந்தது. வாசலைக் கூட்டி, டப்பாவைத் துடைத்தாள். அங்கங்கே காய்ந்த தண்டுகள் தொங்கின. வருகிறவர் என்ன நினைப்பார் என்று பதறியதில் கை கழுத்துக்குப் போனது. ஒன்றை வெட்டினாள், இன்னொன்றை வெட்டினாள். மூன்றாவதாகக் கீழே விழுந்ததில் மொட்டு இருந்தது.

"அய்யோ சாமீ!"

தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். மொட்டை ஈரப் பனியன் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, குற்றவாளிபோல் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் வந்ததும் அழுகை முட்டியது. "நானே வெட்டிப்போட்டனுங்க. பிசிறுன்னு நெனச்சு..."

டீச்சர் துணியைப் பிரித்துப் பார்த்தார். "நாளைக்கு விரியற மொட்டுங்க, இது போதும். எப்படியும் அறுத்துத்தான் பாக்கோணும். ஒரே பூவாச்சே, எப்படிக் கேக்கறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன்."

பிளேடால் நெடுக்காகக் கீறி, லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். செரோப்பீஜியா ஜூன்சியா என்று அதன் அறிவியல் பேரை எழுதி, இந்தப் பக்கம் அரிதாகி வருகிறது என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வேலுமணி அந்தப் பேரை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். "நம்ம வேலிக்குள்ளயா இத்தாப்பெரிய பேரு!" என்றார். சுவர் நாலடி தள்ளிப் போனது.

ஊரெல்லாம் பேர் தெரிந்தது. பூ விரிந்து மட்டும் கோமளா பார்க்கவில்லை. அந்தக் குறை ஐப்பசி வரை அவளை அரித்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வேலி மூலையில், நுனி மூடிய சின்ன விளக்குக் கூண்டுபோல் ஒன்று விரிந்து நின்றது. கத்தரியைக் கழற்றிக் கூட வேலை செய்கிறவளிடம் கொடுத்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தாள்.