வேண்டாமென்ற வீடு

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த ஜெயந்தினி, கொழும்பில் ஒரு கம்பெனியில் கட்டடப் படம் வரைகிறாள். மண்சரிவு அபாயம் என்று லயத்தை விட்டு எழும்பச் சொல்லி வேறு காணி கொடுத்தபோது, தன் சனங்களுக்கென்று அவளே ஒரு வீடு வரைந்தாள். மலையை வெட்டாமல் சரிவோடு ஒட்டி நிற்கும் சின்ன வீடு. மண்சுவர், மூங்கில் தடுப்பு. குடும்பம் பெருகினால் தடுப்பை நகர்த்தி இன்னோர் அறை எடுக்கலாம்.

தோட்டக் கூட்டத்தில் அவள் படத்தை விரித்ததும் முதலில் எழுந்தவர் அவளுடைய அப்பா ஆண்டியப்பன்தான்.

"காலமெல்லாம் ஒழுகுற தகரத்துல கெடந்தோம். இனி மண்ணுலயும் மூங்கில்லயும் கெடக்கணுமா? தொரமாருக்கு இப்படிக் கட்டிக் குடுப்பியா நீ?"

எல்லாரும் சிமெந்து வீடு கேட்டார்கள். மலையை வெட்டிக் கட்டினார்கள்.

அவள் வரைந்த படத்தைக் கம்பெனி மஸ்கெலியாவில் ஓர் உல்லாச விடுதிக்கு விற்றது; அங்கே அப்படியே கட்டினார்கள். அங்கே அறை துடைக்கப் போன அம்மா ஒருநாள் போனில் கோல் எடுத்தாள். கூட்டத்தில் தாளில் பார்த்த அதே வீடுதான் அது என்று அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

"உள்ள குளிரே இல்லடி. நம்ம வீடு ஐசு மாதிரி கெடக்கு. நமக்கும் இப்படி ஒண்ணு வரைஞ்சிருக்கக் கூடாதா?"



"எனக்குத் தோணலம்மா" என்றாள் ஜெயந்தினி.