கடுகுப் பூவும் டேப்பட் சத்தமும்

என் கணவருக்கு ஓசூரில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வேலை. புது வண்டி வெளியே போகும் முன் அதைக் கம்பெனிக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, என்ஜினில் வேண்டாத சத்தம் ஏதாவது வருகிறதா என்று சொல்ல வேண்டும். காது கொடுத்துக் கேட்பதற்குச் சம்பளம் தரும் இடமும் உலகத்தில் உண்டு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொல்வதைக் கேட்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அதனால் அதை மட்டும் அவர் கேட்பதில்லை.

அந்தக் காதோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் மிக்ஸியைப் போட்டால் குளியலறைக்குள்ளிருந்தே, “பேரிங் தேயுது, நிறுத்து” என்பார். சட்னி பாதியில் நிற்கும். மின்விசிறி, கிரைண்டர், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், எதுவும் அவரிடம் பாஸ் ஆனதில்லை. என் அண்ணன் ஒருநாள் தங்கிவிட்டுப் போனதும், “உங்கண்ணன் கொறட்டைல ஒரு தட்டல் இருக்குது, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு” என்றார். அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பகலில்கூடக் கண் அசந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் எங்கள் பழைய வண்டியில் தளி வழியாக ஜவளகிரி வரை போய்வருவோம். அது என் ஏற்பாடு. நான் காவேரிப்பட்டினத்துக்காரி, மாந்தோப்பும் ஆற்று மணலும் பார்த்து வளர்ந்தவள். ஓசூரில் கம்பெனிச் சுவர்கள் முடிந்து, மத்திகிரி தாண்டியதும் முகத்தில் அடிக்கும் குளிர்காற்றை முதல் தடவை வாங்கியபோதே இந்தப் பக்கம் எனக்குப் பிடித்துவிட்டது. முட்டைக்கோஸ் தோட்டம், ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், குளித்துவிட்டுப் படுத்திருக்கும் எருமைகளைப் போன்ற பாறைகள், ஐப்பசியில் பச்சை ராகிக்கு நடுவே வரிசை வரிசையாக மஞ்சள் கடுகுப் பூ. ஜவளகிரியை நெருங்கினால் காடு. யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருப்பார்கள். இதுவரை அந்தப் பலகையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் நான்தான் பார்ப்பேன். அவர் வண்டியைக் கேட்பார். வண்டி ஓடும்போது பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஹெல்மெட்டைத் தாண்டி என்ஜின் சத்தம் அவருக்குக் கேட்கும். நடுவில் நான் பேசினால் கலந்துவிடுமாம். அதனால் எங்களுக்குள் தோள் தட்டும் வழக்கம் வந்தது. நான் அவர் தோளைத் தட்டினால் அங்கே அழகாக ஏதோ இருக்கிறது, பாருங்கள் என்று அர்த்தம். இது என் அகராதி. அவர் அகராதியில் தோளைத் தட்டினால் வண்டியில் ஏதோ கோளாறு.

கடுகுப் பூவைக் காட்டத் தட்டுவேன். வண்டி நிற்கும். இறங்கி, குனிந்து, செயினை விரலால் சுண்டிப் பார்ப்பார். டயரை அமுக்கிப் பார்ப்பார். “ஒன்னுமில்லையே, எதுக்குத் தட்டுன?” என்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு காடே மஞ்சளாக நிற்கும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் சொல்வது வழக்கம். கற்பூரம் எரிவது வேறு, ஆயில் எரிவது வேறு, ஆயில் வாசனை தெரிந்தால் போதும் என்று அவர் சொல்வதும் வழக்கம்.

போன வருடம் மழை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தட்டாமலேயே அவர் வண்டியை நிறுத்தினார். தளி ஏரியை ஒட்டிய மேடு. எதிரே பனிமூட்டம் பாறைகளின் இடுப்புவரை ஏறியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே, “என்னாங்க, மழ இன்னொரு தடவ வரப்போவுது” என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, “அந்தப் பாறையப் பாரேன், எவ்ளோ பெருசா இருக்குது” என்றார். பாறை பெரிதாக இருப்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த வாரமும் நின்றார். அதற்கடுத்த வாரம் இரண்டு இடத்தில் நின்று, தைல மரத்துக்கு அந்தப் பக்கம் தெரிவது கர்நாடகத்து மலை என்று எனக்கே விளக்கம் சொன்னார். அந்த வாரத்தில் ஒருநாள் மிக்ஸி ஊரைக் கூட்டியது. அவர் ஒன்றும் சொல்லாமல் தோசையைத் தின்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குப் போனார். ஆள் திருந்திவிட்டார் என்று அண்ணனுக்குப் போன் செய்தே சொன்னேன்.

ஜவளகிரியில் நாங்கள் எப்போதும் டீ குடிக்கும் கடையை ஓர் அம்மாள் நடத்துகிறார். ஒரே மூச்சில் கன்னடமும் தமிழும் பேசுவார். நான்காவது ஞாயிறு, வண்டியை அணைக்காமலே இவர் டீ சொன்னபோது, அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நோடண்ணா, ஒன் வண்டி டக்குடக்குங்குதே! எண்ணெய் இல்லாத தையல் மிஷினு கணக்கா.”

இவர் குனிந்து என்ஜின் பக்கம் காதை வைத்தார். இந்தக் காது, பிறகு அந்தக் காது. நிமிர்ந்தபோது முகம் செத்திருந்தது.

அந்தச் சத்தத்தை வழியெல்லாம் நானும் கேட்டிருந்தேன். அவரே சும்மா இருக்கிறார் என்றால் அது நல்ல சத்தமாகத்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

டீயை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே கிடந்த கல்லில் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே சொன்னார்.

“டேப்பட் சத்தம் அது, என்ஜின் மண்டைல வால்வு தட்டறது. எனக்குக் கேக்கல. கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் எதுவுமே கேக்கறதில்ல. தனியா போயி டாக்டர்கிட்ட காட்டிட்டன். போனது போனதுதான், திரும்பாதுன்னுட்டாரு.”

“கம்பெனிக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல. வருசா வருசம் காது டெஸ்டு வெப்பாங்க, அடுத்த மாசம் வருது. அதுவரைக்கும் ஓட்டலாம்னு இருந்தன்.” டீ ஆறிக்கொண்டிருந்தது. “ஆனா நான் சரின்னு உட்ற வண்டில யாரோ பொண்டாட்டியக் குந்த வெச்சிக்கினு போவான். நாளைக்கே சொல்லிடறன். ஸ்டோருக்கு மாத்துவாங்க. நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்குற வேல.”

எனக்கு அழுகை வந்தது. அந்தக் காதை நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன். ஆனால் அது அவருடைய பெருமை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சந்தேகம் வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அதைச் சொல்லும்போது சோற்றைப் பிசைவதைக்கூட நிறுத்திவிடுவார். அழுகையோடு கூடவே கோபமும் வந்தது.

“அப்ப ஏரிக்கரைல நின்னது, பாறையக் காட்டுனது?”

“அன்னைக்கு வண்டிச் சத்தத்துல பாதி வரலியேன்னு பாக்கத்தான் நின்னன். நீ சிரிச்ச. அத எப்படி உன்கிட்ட சொல்றது? அதான் பாறையக் காட்டினன்.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “அப்புறம் நெஜமாவே பாத்தன். நல்லாத்தான் இருக்குது. நீ சொன்னப்பவே பாத்திருக்கலாம்” என்றார்.

இத்தனை வருடம் நான் அழகுக்குத் தட்டினேன், அவர் கோளாறு பார்த்தார். இப்போது அவர் கோளாறுக்கு நின்றார், நான் அழகு பார்த்தேன். எங்கள் ஜாதகம் பார்த்தவர் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

“சரி, நான் பேசறதாவது கேக்குதா?” என்றேன்.

“பேச்செல்லாம் கேக்குது.”

“அது ஒன்னுதான இத்தன வருசமா கேக்காம இருந்திச்சி?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடை அம்மாளும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்.

திரும்பும்போது, “பேசிக்கினே வா” என்றார். போட்ட சட்டத்தை அவரே எடுத்துவிட்டார். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அவருக்குப் பதிலாக யாராவது வண்டியைக் கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏற்றத்தில் டக்குடக்கு குறைந்தது. சமதரையில் மறுபடி வந்தது. தளிக்கு முன்னால், ராகிக் காடு சாலையின் இரண்டு பக்கமும் விரிகிற இடத்தில், சத்தம் நன்றாகவே கூடியது. நான் அவர் தோளைத் தட்டினேன்.

வண்டி நிற்கவில்லை. மெதுவானது. ஹெல்மெட் இடது பக்கம் திரும்பிற்று, பிறகு வலது பக்கம்.

“பாத்துட்டன், பாத்துட்டன்” என்றார். “கடுகுதான? இந்தப் பக்கம் இன்னும் நெறைய பூத்திருக்குது, பாரு.”

தோளில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. டேப்பட் எங்கே ஓடிப்போகிறது, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.