குறுக்குக்கட்டோடு குளத்தில் இறங்கிய சின்னம்மா

சின்னம்மா சுவிஸின் இன்டர்லாக்கனுக்கு வந்தபோது, சண்டையில் அவருடைய தொடைக்குள் பாய்ந்த ஒரு ஷெல் துண்டும் கூடவே வந்தது. விமான நிலையத்துக் கருவி அதைக் கண்டுபிடித்துக் கத்தியது. அதன் பிறகு இந்த நாட்டில் யாரும் அந்தத் துண்டைப் பொருட்படுத்தவில்லை.

சின்னம்மாவுக்குப் பெரிய உடம்பு. அம்மா வேலைசெய்த ஹொட்டல் லொண்டரியிலேயே அவருக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை அயர்ன் பண்ணவேண்டும். பின்னேரமானால் கால் வீங்கிவிடும். நிற்க முடியாதவருக்கு அங்கே வேலை இல்லை. வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். ஆகவே டொக்டரிடம் போனோம். எனக்குப் பத்து வயது இருக்கும். வீட்டில் ஜெர்மன் ஒழுங்காகத் தெரிந்தவள் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். டொக்டர் சின்னம்மாவைத் தராசில் ஏற்றினார், மெலியச் சொன்னார், கை குலுக்கி அனுப்பினார். காலைப் பார்க்கவில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். சின்னம்மா இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். உடம்பு குறையவில்லை. ஒருநாள் லொண்டரியில் மயங்கி விழுந்தார்.

கூட வேலைசெய்த போர்த்துகல் பெண்ணொருத்தி, தான் போகும் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். தண்ணீருக்குள் உடற்பயிற்சி, பெண்களுக்கு மட்டும். அங்கே நிறுத்துப் பார்ப்பதில்லை, மெலியச் சொல்வதில்லை, எந்த உடம்போடும் வரலாம் என்றாள்.

"மெலியிறதுக்கு இல்லையெண்டால் பிறகென்னத்துக்குப் போறது?" என்று அம்மா கேட்டார்.

"போய்ப் பாப்பம்," என்றார் சின்னம்மா.

நீச்சலுடை வாங்கப் போனோம். சின்னம்மாவின் அளவில் கடையில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் தொடை தெரிய உடுத்தியிருக்கமாட்டார். காயம் ஆறிய இடம் ஒரு கைப்பிடி ஆழத்துக்குப் பள்ளமாக இருந்தது. "கிணத்தில குளிக்கேக்க நாங்கள் என்ன நீச்சலுடுப்போ போட்டனாங்கள்?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, நீலப் பாவாடையொன்றை மடித்துப் பையில் வைத்தார்.

நீச்சல் குளத்துக்கும் மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். உடைமாற்றும் அறையிலிருந்து சின்னம்மா குறுக்குக்கட்டோடு வந்தார். யாழ்ப்பாணத்தில் கிணற்றடிக்குப் போகும் பெண்கள் எல்லோரும் செய்வதுபோலப் பாவாடையை மார்புக்கு மேலே இறுக்கி முடிந்திருந்தார். அதற்குப் பிறகு நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பல ஊர்களில் திரிந்திருக்கிறேன், பல குளங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இறங்கிய வேறு யாரையும் பார்க்கவில்லை.

படியில் இறங்கியதும் பாவாடைக்குள் காற்றுப் புகுந்து, அவரைச் சுற்றிப் பெரிய பந்துபோல எழும்பியது. சின்னம்மா இரண்டு கையாலும் அமுக்கினார். ஒரு பக்கம் அமுங்க மறுபக்கம் எழும்பியது. நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

குளத்துக்குப் பொறுப்பானவர் விசில் ஊதினார். இந்தத் துணியோடு தண்ணீருக்குள் நிற்கக் கூடாது, வெளியே வரச் சொல் என்றார். சொன்னேன். சின்னம்மா சுவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"நனைஞ்ச துணி காலோட ஒட்டும், பிள்ளை. அந்த மனுசன் நிக்கேக்க நான் ஏறமாட்டன்."

அதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வரமாட்டாராம் என்று மட்டும் சொன்னேன்.

வகுப்பு நடத்திய ரீச்சரும் சின்னம்மாவைப் போலவே பெருத்தவர். அவர் வந்து கரையில் குந்தினார். இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல் என்றார். டொக்டர் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

சின்னம்மாவிடம் கேட்டேன். "எனக்கு நிக்கவேணும். வேலை முடியிறவரைக்கும் நோகாமல் நிக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

ரீச்சர் பொறுப்பாளரிடம் மெதுவாக, ஆனால் நீளமாகக் கதைத்தார். பொறுப்பாளர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ரீச்சர் தண்ணீரில் இறங்கி, பாவாடையின் கரையைக் கால்களுக்கு நடுவால் இழுத்து முடிந்துவிட்டார். காற்றுப் போயிற்று. சின்னம்மா தண்ணீருக்குள் நடக்கத் தொடங்கினார். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, திரும்பவும் இந்தக் கரைக்கு. "தண்ணி என்னைத் தாங்குது," என்றார். அன்றிரவு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டார்.

குளிர்காலம் முடிவதற்குள் அவரால் வேலை முடியும்வரை நிற்க முடிந்தது. உடம்பு அப்படியேதான் இருந்தது. அதற்கு முன்னால் இரண்டாவது வகுப்பில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

அன்று ரீச்சர் நீச்சல்துணியில் தைத்த பெரிய சட்டைகளும் நீளக் காற்சட்டைகளும் கொண்டுவந்திருந்தார். விரும்பியவர்கள் போடலாம், பொறுப்பாளரும் சம்மதித்துவிட்டார் என்றார். சின்னம்மா அவற்றைப் போட்டுக்கொண்டு நடந்தார். சுவரோரத்து நீள வாங்கில் ஒரு சுவிஸ் மனுசி, துவாயைக் கழுத்துவரை போர்த்தபடி இருந்தார். அவர் மாதக்கணக்காக வருகிறார், ஒருநாளும் இறங்கியதில்லை என்று போர்த்துகல் பெண் என்னிடம் சொன்னாள். அந்த மனுசி சின்னம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வகுப்பில் எழுந்துபோய் ரீச்சரிடம் ஒரு சட்டையை வாங்கினார். போட்டுக்கொண்டு வந்தபோது சட்டை மார்பின் ஒரு பக்கத்தில் தட்டையாகக் கிடந்தது. முதற்படியில் நின்றுவிட்டார்.

சின்னம்மா கையை நீட்டினார். "வாங்கோ, தண்ணி சூடாத்தான் இருக்கு," என்று தமிழில் சொன்னார். அந்த மனுசி கையைப் பிடித்து இறங்கினார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தார்கள்.

குளிருக்குப் பயந்துதான் அந்த மனுசி அவ்வளவு காலமும் துவாய்க்குள் இருந்தார் என்று அந்தப் பத்து வயதில் எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன்: "பாவம், தண்ணி சூடெண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."